செயலியில் என் வீடு காலி

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம். நானும் என் மகளும் தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறோம். கணவரின் அடி பொறுக்க முடியாமல் பிரிந்து வந்தவள் நான். முதலில் பொழிச்சலூரில் இருந்தோம். எப்படியோ மோப்பம் பிடித்து அங்கேயும் வந்து கதவை உடைத்தார். அதனால் இந்த முகவரியை என் அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை.

எங்கள் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்றவர். ஈரத்துணி கீழ்வீட்டில் சொட்டினால் நோட்டீஸ், கோலம் பக்கத்து வீட்டு எல்லையைத் தொட்டால் நோட்டீஸ். எங்களுக்குள் அவர் பெயரே 'நோட்டீஸ் சார்'. வருகிறவர்களைப் பதிவுசெய்ய ஒரு கட்டணச் செயலியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். யார் வந்தாலும் வாசல் காவலாளி படம் எடுப்பார், அது நம் போனுக்கு வரும், நாம் சம்மதித்தால்தான் உள்ளே விடுவார்கள். இலவசமாகவே இப்படி ஒன்று கிடைக்கிறதே என்று கூட்டத்தில் சிலர் சொன்னதும் அவர் எகிறினார்.

"ஃப்ரீயா குடுக்குறவன் நம்ம விவரத்தை வித்துதான் சார் சம்பாதிப்பான். காசு கட்டிட்டா பயமே இல்ல."

அந்த வார்த்தை என் வயிற்றில் பால் வார்த்தது. பெயர், படம், கதவு எண் எல்லாம் நிம்மதியாகக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் மணியடித்தது. திரையில் என் கணவரின் முகம், எங்கள் வாசல் கேட்டருகே. கீழே இரண்டு பொத்தான்கள்: அனுமதி, மறுப்பு. மறுப்பைத் தொட்டாலும் நான் உள்ளே இருப்பது தெரிந்துவிடுமே! எதையும் தொடவில்லை. பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் பார்த்துவிடாமல் போனைத் துணிக்கடியில் தள்ளினேன்.

நான் பதில் தராததால் அழைப்பு செயலாளருக்குப் போயிருக்கிறது. அவர் கூப்பிட்டார். "சார், அவர் என் வீட்டுக்காரர். நாங்க இங்க இருக்கறது தெரிஞ்சா விடமாட்டார் சார்" என்றேன். அவர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கதவை சாத்திக்கோங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

எங்கள் வீடு முதல் மாடி. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். கீழே பேசுவது தெளிவாகக் கேட்டது.

"அவங்க போன மாசமே காலி பண்ணிட்டாங்களே சார்."

"ஆப்ல இங்கதான்னு காட்டுது?"

"அட, அந்த ஆப் லட்சணம் அப்படி! யாரும் அப்டேட் பண்றதே இல்ல. நீங்க வேற."

வண்டி ஒரு சாண் தள்ளி நின்றாலே சட்டம் பேசுகிற மனிதர், வாய் கூசாமல் பொய் சொன்னார். தான் தலைமேல் வைத்துக் கொண்டாடிய செயலியையே எனக்காக மட்டம் தட்டினார். என் கணவர் சிறிது நேரம் மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. வாடகைக்கு வீடு தேடுகிறேன் என்று சொல்லி அந்தச் செயலியில் பதிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் எங்கள் பெயர்களையும் படங்களையும் பார்க்கலாம். என் கணவரும் அப்படித்தான் எங்களைக் கண்டுபிடித்திருக்கிறார். பணம் கட்டிய செயலியின் யோக்கியதை அது. அன்று மாலை செயலாளரும் அவர் மனைவியும் வந்தார்கள். "காசு கட்டினா போதும்னு நான்தான்மா சொன்னேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் மகளிர் காவல் நிலையத்துக்கு அந்த அக்காதான் என்கூட வந்து, புகார் கொடுத்து முடியும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த கூட்டத்தில் செயலியிலிருந்து எல்லோருடைய பெயரும் படமும் எடுக்கப்பட்டன. காரணம் கேட்டவர்களிடம் அவர் என்னைப் பற்றி மூச்சு விடவில்லை. என் கதவு எண்ணுக்கு நேரே மட்டும் 'காலி' என்று போட்டார். இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அந்த வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று தரகர்கள் கேட்டால் எரிந்து விழுகிறாராம்.

போன வாரம்கூடக் கோலத்துக்காக எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். செயலியில் காலியாக இருக்கும் அந்த வீட்டில் என் மகள் பயமில்லாமல் சத்தமாகப் பாடுகிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம், இலவசமோ கட்டணமோ எந்தச் செயலியும் காப்பாற்றாத எங்களை ஒரு பொய்யால் காப்பாற்றிய அந்த மனிதரை நினைத்து மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.