டேப்லெட்டுக்கு ஒரு பனியன்

சித்தப்பா கிட்டுசாமி எதையும் சோதித்துப் பார்க்காமல் கையைவிட்டு அனுப்பியதில்லை. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் அவர் சாம்பிள் டெய்லர். வெளிநாட்டிலிருந்து ஒரு படமும் சில அளவுகளும் வரும். அதைப் பார்த்து முதல் உருப்படியைத் தைப்பது அவர் வேலை. அது தேறினால்தான் மற்றவர்கள் அதே போல ஆயிரக்கணக்கில் தைப்பார்கள். தைத்ததைத் துவைத்துக் காயவைத்து மறுபடியும் அளப்பார். தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார். குழந்தைகள் சட்டை என்றால் கழுத்துப் பட்டையைத் தன் கன்னத்தில் தேய்ப்பார், குத்தினால் பிரித்துவிடுவார்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சாம்பிள் போய்ச் சேர்ந்ததும் பையர், அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர், அதன் குறை நிறைகளை எழுதி அனுப்புவார். கமெண்ட்ஸ் என்பார்கள். தோள் அரை இஞ்ச் குறை, பட்டனை மாற்று, பாக்கெட் ஓகே என்ற மாதிரி இருக்கும். அது வந்த பிறகுதான் இரண்டாவது சாம்பிள். அதற்கு முன் நாமாக யூகித்துத் தைக்கக் கூடாது. நான் கல்லூரியில் ஒரு பாடத்தில் தோற்றுப்போய் அவர் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்த நாளில் அவர் வேறு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"ரிஜெக்ட்டுன்னு ஒண்ணு கிடையாது கண்ணு. கமெண்ட்ஸ்தான் வரும். மறுக்காத் தெச்சா முடிஞ்சுது" என்றார்.

பல்லடம் பக்கம் தறி ஓட்டிய குடும்பம் எங்களுடையது. அவர் என் அப்பாவுக்கு இளையவர். பள்ளியைப் பாதியில் விட்டுத் திருப்பூருக்கு வந்து, கைமடியாக, அதாவது டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் ஆளாக, வேலையைத் தொடங்கினார். மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போகும்போது மெஷினில் உட்கார்ந்து பழகிக்கொண்டார். கல்யாணமான பின் அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை ஒன்றை ஒட்டிய வீட்டுக்குக் குடிவந்தார். காலையிலேயே சுத்தியல் சத்தம் ஆரம்பித்துவிடும். அவர் காதில் அது விழுவதே இல்லை என்பார். விமானச் சத்தம் மட்டும் விழும். கோவையில் இறங்கப்போகும் விமானங்கள் சில அந்த மொட்டை மாடிக்கு மேலே தாழ்ந்து போகும். அவரும் மகள் மோனிஷாவும் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று பார்ப்பார்கள்.

மோனிஷா பைலட் ஆகப்போவதாகச் சொன்னபோது சித்தி தெய்வாத்தாள் சில நாள் அவளோடு பேசவில்லை. சித்தப்பா பல்லடத்தில் தன் பங்குக்கு வந்த நிலத்தை விற்றார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். லைசென்ஸ் வந்ததும் பக்கத்து சீட்டில் முதலில் ஏறுவது அவராக இருக்க வேண்டும்.

"நாந் தெச்சதெல்லாம் கடல் தாண்டிப் போயிருச்சு. நான் இன்னும் மேட்டுப்பாளையம் தாண்டல" என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லிவிடுவார்.

பயிற்சி நிலையம் வெகு தொலைவில், ஒரு பொட்டல் வெளியில் இருந்தது. ஒரு ஓடுதளம், ஒரு தகரக் கொட்டகை, சில சிறிய விமானங்கள். காகித வரைபடம், திசைகாட்டி, கடிகாரம் இந்த மூன்றையும் வைத்து வழி கண்டுபிடிக்கத்தான் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். இந்தத் திசையில் இவ்வளவு நிமிடம் பறந்தால் கீழே ஏரி வர வேண்டும், அடுத்து ரயில் பாதை வர வேண்டும் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஆனால் மூத்த மாணவர்கள் மடியில் டேப்லெட் வைத்திருந்தார்கள். நாம் படம் பார்க்க வாங்கும் அதே டேப்லெட்தான். அதில் வரைபடம் விரிந்திருக்கும். சின்ன விமானம் ஒன்று அதன் மேல் ஊர்ந்துகொண்டே போகும். கூடுதல் உதவிக்கு வைத்துக்கொள்ளலாம், அதையே நம்பக் கூடாது என்பது ஆசிரியரின் பேச்சு.

அந்த ஆண்டு தீபாவளி போனஸில் சித்தப்பா அவளுக்கு ஒன்று வாங்கித் தந்தார். சிம் போடாத வகை விலை குறைவு என்று கடைக்காரர் சொன்னார். அதில் இருக்குமிடம் காட்டும் கருவி இருக்காது, சிம் போடுவதுதான் வேண்டும் என்று மோனிஷா போனில் சொல்லியிருந்தாள். அவளிடம் கொடுப்பதற்கு முன் சித்தப்பா அதையும் சோதித்தார். தனியார் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு பல்லடம் வரை போனார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வரைபடத்தில் புள்ளி சரியான இடத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். "ஏனுங்க மாஸ்டர், இத்தன வருசமாப் போறீங்க, இன்னும் எறங்கற எடந் தெரியாதுங்களா?" என்று கண்டக்டர் கேட்டாராம்.

அடுத்த முறை வந்தபோது, விமானம் குலுங்கினால் டேப்லெட் தொடையிலிருந்து வழுக்குகிறது என்று மோனிஷா பேச்சுவாக்கில் சொன்னாள். சித்தப்பா உடனே இஞ்ச் டேப்பை எடுத்தார். நின்றால் ஓர் அளவு, உட்கார்ந்தால் ஓர் அளவு என்று அவள் காலை இரண்டு விதமாக அளந்தார். கம்பெனியில் குளிர் நாட்டுக் குழந்தைகளுக்கான ஜாக்கெட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. டேப்லெட்டுக்கு உறை தைக்க, அதில் மிஞ்சிய கருநீல ஃபிளீஸ் துணியைக் கேட்டு வாங்கினார். உள்பக்கம் பூனைக்குட்டி போல மெத்தென்று இருக்கும், கண்ணாடியில் கீறல் விழாது, வழுக்கவும் வழுக்காது. தொடையில் கட்ட எலாஸ்டிக் பட்டையும் வெல்க்ரோவும் வைத்தார். காகித வரைபடத்தை மடித்து வைப்பதற்குப் பின்பக்கம் ஒரு பாக்கெட். அதை யாரும் கேட்கவில்லை. ஆசிரியர் சொன்னதை மோனிஷா சொல்லக் கேட்டு அவராகவே வைத்தார்.

தைத்த உறையை மூன்று முறை துவைத்தார். ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். டேப்லெட் அப்போது மோனிஷாவிடம் இருந்ததால், பக்கத்துப் பட்டறையில் அதே அளவு எவர்சில்வர் தகடு ஒன்றை வெட்டி வாங்கி உறைக்குள் வைத்தார். அதைத் தொடையில் கட்டிக்கொண்டு அனுப்பர்பாளையத்தின் வேகத்தடைகள் எல்லாவற்றின் மேலும் மொபெட்டில் ஏறி இறங்கினார். தகடு அசையவில்லை.

கம்பெனியில் அவருக்குப் பக்கத்து மெஷினில் சித்ராதேவி இருந்தார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். "என்ன மாஸ்டர், பிளேனுக்கும் பனியன் தச்சாச்சா? அடுத்து மேகத்துக்கு ஜட்டி தைப்பீகளோ?" என்று அவர் கேட்டது தளம் முழுக்கப் பரவியது. அன்றிலிருந்து அந்த உறைக்குப் பெயர் பனியன்தான். சித்தப்பாவுக்கு அதில் பெருமை.

பங்குனியில் ஒரு நாள் மோனிஷா தனியாக ஒரு நீண்ட தூரப் பயிற்சிக்குப் பறந்தாள். வேறு ஊர் விமான நிலையத்தில் இறங்கிவிட்டுத் திரும்ப வேண்டும். போகும்போது எல்லாம் சரியாக இருந்தது. திரும்பும்போது பிற்பகல் வெயில் முன்கண்ணாடி வழியாக நேரே மடியில் விழுந்தது. டேப்லெட்டின் திரை முதலில் மங்கியது. பிறகு சூடு அதிகமாகிவிட்டதாக ஓர் எச்சரிக்கை வந்தது. பிறகு அணைந்துவிட்டது. கீழே புழுதி மூட்டம். ஊர்ந்துகொண்டிருந்த சின்ன விமானத்தையே பார்த்து வந்ததால், எந்த ஏரியைத் தாண்டினோம், எது இன்னும் வரவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை.

பின்பக்கப் பாக்கெட்டில் கைவிட்டு வரைபடத்தை எடுத்தாள். வட்டமடித்துக்கொண்டே தேடினாள். ஆறு ஒன்று வளைகிற இடத்தில் ரயில் பாலமும் சாலைப் பாலமும் அருகருகே தெரிந்தன. அதை வரைபடத்தில் கண்டுபிடித்து, ரேடியோவில் சொல்லி, வழி கேட்டுத் திரும்பி வந்து இறங்கினாள். அதற்குள் அங்கே எல்லோரும் வெளியே வந்து வானத்தைப் பார்த்து நின்றிருந்தார்கள்.

உறையைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, வரைபடம் கண்முன் இருந்திருக்க வேண்டும், அது பாக்கெட்டில் இருந்ததுதான் தவறு என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். சில வாரங்கள் அவளைத் தனியாகப் பறக்க விடவில்லை. அந்தப் பயணத்தை வெறும் காகிதத்தோடு மறுபடியும் செய்ய வைத்தார்கள். கூடப் படித்தவர்கள் முந்திப் போனார்கள்.

அவள் அழுதுகொண்டே சித்தியிடம் போனில் சொன்னதில் சித்தியின் மனதில் நின்றது ஒன்றுதான். சாப்பாடு போடும்போது அதைச் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார். "அந்தத் துணிக்குள்ள வெச்சதுல சூடாயிருச்சாமா. நல்லவேள, புள்ள தப்பிச்சா."

மறுநாள் கம்பெனியில், உற்பத்திக் கணக்கை டேப்லெட்டில் ஏற்றும் பெண்ணின் மேசை முன் சித்தப்பா வெகுநேரம் நின்றாராம். அந்தப் பெண் ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் தன் பக்கம் வைக்காமல், டேப்லெட் சூடாகாமலிருக்க அதைப் பார்த்துத் திருப்பி வைத்திருப்பாள். தினமும் அதைத் தாண்டித்தான் அவர் தன் இடத்துக்குப் போவார்.

அதன் பிறகு வீட்டில் யாரும் அந்த உறையைப் பற்றிப் பேசவில்லை. அவர் மனம் நோகும் என்று நினைத்தோம். மோனிஷா பிளாஸ்டிக் பிடிப்பான் ஒன்றை ஆன்லைனில் வாங்கிக்கொண்டாள். சித்திரையில் விடுமுறைக்கு வந்தவளிடம் சித்தப்பா ஒரே ஒரு முறை கேட்டார். நானும் அப்போது பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த ஒற எப்படிங்கண்ணு இருந்துது?"

"நல்லா இருந்துதுங்கப்பா."

அவர் தலையாட்டிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். அன்பாகத்தான் அவள் சொன்னாள். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கமெண்ட்ஸ் படித்த மனிதருக்கு 'நல்லா இருந்தது' என்பது ஒரு பதிலே அல்ல. பையர் ஒன்றும் எழுதாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்ட மாதிரி அவருக்கு இருந்திருக்கும். இது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

லைசென்ஸ் வந்தது. அந்த நிலையத்திலேயே மோனிஷா சொல்லிக்கொடுக்கும் வேலைக்கும் சேர்ந்தாள். வாங்கப்பா என்று கூப்பிட்டாள். "போலாங்கண்ணு, இந்த சாம்பிள் போயிரட்டும்" என்றார். அடுத்த முறை மழைக்காலம் என்றார். அதற்கடுத்த முறை ரத்த அழுத்தம் என்றார். நிலத்தை விற்ற மனுசனுக்கு ஏற மட்டும் தைரியம் இல்லை என்று சித்தி கேலி செய்தார். "ஆமா, பயந்தான்" என்று அவரும் சிரித்துக்கொண்டார். எல்லோரும் அதை நம்பினோம். நம்புவதற்கு வசதியாகவும் இருந்தது.

இந்தக் கார்த்திகையில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. மோனிஷா வந்து சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மதியம் சித்ராதேவி வந்தார். கையில் ஒரு சின்ன மூட்டை. வெட்டிய துணிகளைத் துணிக்கீற்றால் சுற்றிக் கட்டியிருந்தது. சாம்பிள் டெய்லர்கள் அப்படித்தான் கட்டிவைப்பார்கள்.

"மாஸ்டர் டேபிளைக் காலி பண்ணச் சொன்னாக. அடியில இது இருந்துச்சு" என்று மோனிஷாவிடம் நீட்டினார். "மெஷ் துணி. ஜெர்சி ஆர்டர்ல மிஞ்சினது. வெட்டி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. ஏன் மாஸ்டர் தைக்காமப் போட்டு வச்சிருக்கீகன்னு கேட்டேன். கமெண்ட்ஸ் வரட்டும்னாரு. இதைக் கையில கொண்டுபோய்க் குடுத்துட்டுத்தான் புள்ள பக்கத்துல ஏறி உக்காரணும்னாரு."

மோனிஷா கட்டை அவிழ்த்துத் துண்டுகளைத் தரையில் பரப்பினாள். கண்ணுக்குக் கண் ஓட்டை விட்ட, காற்றுப் போகிற துணி. தொடைப் பட்டை, மேல்பாகம், பின்பாகம், பாக்கெட். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தாள். விளிம்புகளில் அவர் போட்ட சாக்பீஸ் கோடுகள் கலையாமல் இருந்தன. தைத்துத் தரட்டுமா என்று சித்ராதேவி கேட்டார். மோனிஷா துணியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"துணி இது சரிங்க்கா. மேல ரெண்டு ஓரத்தையும் மூட வேண்டாம். பட்டை ஒரு இஞ்ச் கூட வேணும், பெல்ட் போட்டு உக்காந்தா இறுக்குது. வெல்க்ரோ வெளிப்பக்கம் வரோணும், ஒரு கையில கழட்டற மாதிரி."

சித்ராதேவியின் கை பழக்கத்தில் பைக்குள் போய் சாக்பீஸை எடுத்தது. அவள் சொல்லச் சொல்லக் குனிந்து கோடு போட்டார்.

"பாக்கெட்டு?"

மோனிஷா அந்தத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"பாக்கெட் ஓகேங்க்கா. அன்னைக்கு மேப் அதுல இருந்ததுனாலதான் எடுக்க முடிஞ்சுது. கைக்கெட்டற எடத்துல வேற எதுவும் இல்லீங்க."

சுவரில் சாய்ந்திருந்த சித்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத அப்பாகிட்டச் சொன்னயா கண்ணு?" என்று கேட்டார்.

மோனிஷா இல்லையென்று தலையசைத்தாள். துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதே கீற்றால் கட்டி, சித்ராதேவியிடம் கொடுத்தாள்.