பதினேழாம் கேள்வி

அஸ்தம்பட்டியில் விசாவுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் அலுவலகத்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் ஓய்வு பெற்றவர். வெள்ளை மீசை, சட்டைப் பையில் மூன்று பேனாக்கள். என்னைப் போலவே கனடாவில் இருக்கும் மகனிடம் போகிறவர். மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள். பதினேழாவது, சர்க்கரை நோய் உண்டா? எனக்கு உண்டு; ஆனாலும் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அவர் 'உண்டு' என்று எழுதி, அளவையும் குறித்து, நேரம் போட்டுக் கையெழுத்திட்டார்.

"ஏனுங்க, காப்பீடு தராட்டி விசாவும் போச்சே. பேரனைப் பாக்க வேண்டாமா?" என்றேன்.

"முப்பத்தோரு வருசம் பாய்லர் மீட்டர் காட்டுனதத்தான் எழுதுனேனுங்க. இந்த ஒடம்புக்கு மட்டும் மாத்தி எழுதோணுமா சாமி? விசா இல்லீனா பேரன் இங்க வரட்டும்."

நான் எழுந்துபோய் வேறு படிவம் வாங்கிவந்தேன்.

அவர் கனடா போனாரா, தெரியவில்லை. போயிருந்தால், நம் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் அங்கே தலைநிமிர்ந்து இறங்கியிருப்பார்.