எபி அண்ணா போடாத சர்வீஸ்

எபி அண்ணா புதன்கிழமை இறந்துவிட்டார். செய்தி எனக்கு வந்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம்... தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில், கூட்டத்துக்கு நடுவில்.

தப்பாக எழுதவில்லை. அவர் இருந்த பசிபிக் தீவில் நமக்கு முன்னாடியே நாள் மாறிவிடும். நான் டிரெயினை விட்டு இறங்கும்போது அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. தூக்கத்திலேயே மாரடைப்பு.

தூக்கம் வராத நாளில் அவர் அந்த நேரத்துக்குத்தான் எனக்கு போன் பண்ணுவார். "நாளைக்கு எப்படிண்ணா கீது?" என்று நான் கலாய்ப்பேன். "நாளைக்கு மழைடா, குடை எடுத்துக்கினு போ" என்பார்.

திங்கட்கிழமையும் கேட்டேன். "ஒண்ணியும் தெரிலடா... இருட்டா கீது" என்றார்.

நடுராத்திரியில் இருட்டாகத்தானே இருக்கும் என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காக... பசிபிக் தீவு நாடுகளில் விளையாட்டை வளர்க்க நிதி கொடுக்கும் ஒரு அமைப்புக்கு, பல்லாவரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நான். கடலையே மெரினாவில் மட்டும் பார்த்தவன், தீவு தீவாக வாலிபால் நெட் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எபி அண்ணா அதே அமைப்பின் கோச்சாக அங்கே போனவர்.

அதற்கு முன்னால் சேலையூர் கிரவுண்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றாக வாலிபால் ஆடியவர்கள் நாங்கள். எங்கள் டீமில் தயா என்று ஒருவன் இருந்தான். ஜிஎஸ்டி ரோட்டில் பைக் ஆக்சிடென்டில் போய்விட்டான்.

ஆறாவது ஆள் வராவிட்டால் இருக்கிற ஐந்து பேர் பரவி நின்று ஆடுவது எல்லா இடத்திலும் வழக்கம். எபி அண்ணா விடவில்லை. "அது தயா எடம். எவனும் கால் வெக்கக் கூடாது."

அந்த சீசன் முழுக்க அப்படியே ஆடினோம். ரொட்டேஷனில் நாங்கள் இடம் மாற மாற, அந்தக் காலி இடமும் எங்களோடு சுற்றி வந்தது. சர்வீஸ் முறை அதற்கு வந்தால் எபி அண்ணா பந்தை மூலையில் வைத்துவிட்டு, "தயா, உன்னுதுடா!" என்று குரல் கொடுப்பார். கொஞ்சம் காத்திருந்துவிட்டு பாயின்ட்டை எதிரணிக்குக் கொடுத்துவிடுவோம்.

ஒரு முறை மறைமலை நகர் ஃபேக்டரிப் பசங்களோடு மேட்ச். அவர்கள் அந்தக் காலி இடத்தில் அடித்திருந்தால் சுலபமாக ஜெயித்திருக்கலாம். ஒருத்தன்கூட அடிக்கவில்லை.

ஏன் என்று கேட்டேன். "அங்க அடிக்க கை வரல அண்ணா. யாரோ நின்னுகினு கீற மாதிரியே கீது" என்றான் அவர்கள் ஷாட் அடிக்கிற பையன்.

பேய்க்கதை போஸ்ட் பார்த்தால் கமென்டில் போய் சண்டை போடுகிற ஆள் நான். இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அன்றைக்கும் அவனை ஓட்டித்தான் அனுப்பினேன்.

எபி அண்ணாவின் தீவில் ஆட வந்தவர்கள் நான்கு பெண்கள், ஒரு பையன். மற்ற இளசுகள் எல்லாம் வேலைக்காகப் பெரிய தீவுகளுக்குப் போய்விட்டார்கள். ஆறாவது ஆளாக அண்ணாவே நின்றார்.

ஆறு பேர் இல்லாத டீமுக்கு நிதி கிடையாது. அதுதான் எங்கள் ரூல்.

அவர் இறந்த அன்றைக்கே மேலிடத்திலிருந்து மெயில் வந்துவிட்டது. அடுத்த மேட்ச் வீடியோவைப் பார்த்து டீமில் எத்தனை பேர் என்று எழுது, குறைந்தால் அந்தத் தீவை மூடிவிடலாம் என்று. எழுத வேண்டியவன் நான்.

உடலை இங்கே கொண்டுவர வழியில்லை. அண்ணி போனில் சொன்னதைக் கேட்டு ஆபீஸிலேயே அழுதுவிட்டேன். "அங்கயே வெக்கட்டும்பா. கிரவுண்ட் பக்கத்துல இருந்தா அவருக்குப் போதும்."

அடக்கம் முடிந்து அந்தத் தீவு டீம் ஆடிய வீடியோ இன்று காலை வந்தது.

ஐந்து பேர். பரவி நிற்கவில்லை. ஒரு இடம் காலி.

அவரிடம் கற்றது என்று புரிந்தது. இருந்தாலும் ஐந்து என்றுதான் எழுத வேண்டும்... டைப்பும் பண்ணிவிட்டேன். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

ரொட்டேஷனில் காலி இடம் சர்வீஸ் மூலைக்கு வந்தது. ஒரு பெண் பந்தை அங்கே வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். அண்ணா சொல்லிக் கொடுத்ததைத் தவிர தமிழில் ஒரு வார்த்தை தெரியாத பெண். "எபி அண்ணா, உன்னுது!" என்று கத்தினாள்.

எதிர்ப்பக்கம் நின்றவர்கள் முட்டியை மடக்கித் தயாரானார்கள். அவர்களுக்கு அண்ணா யார் என்றே தெரியாது, பக்கத்துத் தீவிலிருந்து அன்றைக்கு ஆட வந்தவர்கள்.

அப்புறம் அந்த ஆறு பேரின் கண்களும் ஒன்றாக மேலே போயின. நெட்டுக்கு மேலே ஏறி, தங்கள் பக்கம் இறங்கி... பின்வரிசையில் ஒருத்தன் இரண்டு கையையும் சேர்த்துக் கீழே நீட்டினான். எட்டவில்லை. குனிந்து தரையைப் பார்த்தான்.

பந்து வைத்த மூலையிலேயே கிடந்தது.

ரெஃப்ரி விசில் ஊதினார். பாயின்ட்டை நம்ம பக்கம் கொடுத்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஐந்தை அழித்தேன்.

டீமில் ஆறு பேர் என்று எழுதி அனுப்பிவிட்டேன். எண்ணிப் பார்த்துத்தான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் ஆடுகிறோம். பழைய பசங்க எல்லாரும் வந்துவிடுங்கள். ஒரு இடத்தில் மட்டும் யாரும் நிற்க வேண்டாம்.

எபி அண்ணா... நாளைக்கு எப்படிண்ணா கீது?