சுணையும் ஷாக் அப்சர்பரும்

எங்கள் ஊரில் மலை கிடையாது. உயரமென்றால் பள்ளிவாசல் மினாரா, அதற்கடுத்து வெண்ணாற்றங்கரை. அப்படிப்பட்ட ஊருக்கு என் கணவர் மஸ்கட்டிலிருந்து மலையேறும் சைக்கிள் ஒன்றைக் கார்கோவில் அனுப்பிவைத்தார். பால் பவுடருக்கும் கம்பளிக்கும் நடுவில் அது வந்து இறங்கியதைப் பார்த்த என் நாத்தனார், "தஞ்சாவூர்ல மலை எந்தப் பக்கம் இருக்காம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவர் அங்கே ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக். நான் ஆற்றங்கரை வழியாகப் பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகிறவள். டிராக்டர் ஓடிக் குழியான அந்தக் கரையில் சாதா சைக்கிளில் போனால், பள்ளிக்கூடம் சேர்வதற்குள் இடுப்பு கழன்றுவிடும். இந்த வண்டிக்கு முன்பக்கம் மோட்டார் பைக்குக்கு இருப்பது போல இரண்டு பக்கமும் ஷாக் அப்சர்பர். குழியெல்லாம் அதன் பாடு. நான் ராணி மாதிரி போய்வந்தேன்.

எங்களுக்குள் ஒரு பழைய வழக்கு இருந்தது. தஞ்சாவூரில் கியர் சைக்கிள் பெருகிவிட்டது, வந்து கடை போடுங்கள் என்பேன் நான். "வண்டி விக்கிறாங்க புள்ள. ஷாக்கப் பிரிச்சுப் பாக்க அங்க எண்ணெ கெடைக்குமா, சாமான் கெடைக்குமா? கடைய மூடிட்டு மறுபடி விசாவுக்குத்தான் நிக்கணும்," என்பார் அவர். அந்த மாசியில் அவருடைய முதலாளி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்டிருந்தார். அடுத்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வண்டியும் மக்கர் செய்தது. அமுக்கினால் ஷாக் கீழே போகும், மேலே வர முரண்டு பிடிக்கும். உள்ளே காற்றடைத்த ஷாக் அது. லாரிக்குப் பஞ்சர் ஒட்டும் கடையில் அதற்குக் காற்றுப் பிடித்தேன், கல் மாதிரி ஆகிவிட்டது. சைக்கிள் கடைக்காரர் ரொம்ப அன்பாக, "ஆடாம அசையாம வெல்டு வச்சு விட்டுடவா டீச்சர்?" என்று கேட்டார். வெடுக்கென்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் வீடியோ காலில் வந்தார். நான் கொட்டித் தீர்த்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "காத்தப் பூரா எறக்கு. செல்போன ஷாக்குக்கிட்ட வச்சுட்டு, ஹாண்டில மெதுவா அமுக்கித் தூக்கு," என்றார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார்.

"காத்து மேல குத்தமில்ல. உள்ள என்னமோ அரைக்குது. வெளியில பளபளன்னு இருக்குதே கொழாய், அதுல என்ன தடவுன?"

"கீச்சு கீச்சுன்னுச்சு. தேங்கா எண்ணெ போட்டேன் மச்சான்." எங்கள் வீட்டில் கதவுக் கீலுக்கும் தலைக்கும் ஒரே எண்ணெய்தான்.

அவர் சிரிக்கவில்லை. "இப்ப அங்க சம்பா அறுப்புல்ல? ரோடு பூரா நெல்லு காயும். நீ அது மேல ஏத்திக்கிட்டுத்தான போவ? எண்ணெயில சுணை ஒட்டிக்கிட்டு உள்ள போயிருக்கு."

நெல்லின் மேல் இருக்கும் அந்த அரிக்கிற தூளைச் சொல்கிறார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அவருக்கு விடுமுறை எப்போதும் கோடையில்தான். அறுப்பை அவர் கண்ணால் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு, ஒரு சத்தத்தை வைத்து, எங்கள் ரோட்டில் என்ன காய்கிறது என்று சொல்கிறார். இந்த மனுஷனை இன்னும் அங்கே விட்டுவைக்கவா நான் பேசாமல் இருப்பது?

"நானே பிரிக்கிறேன், சொல்லுங்க," என்றேன்.

எண்ணெய்க்கு என்ன செய்வாய் என்றார். நீங்கள்தான் மெக்கானிக் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, மோட்டார் பைக் ஷாக்குக்கு ஊற்றுகிற எண்ணெயே போதும் என்றார். அதை ஸ்பேர்ஸ் கடையிலும், ஊசியில்லாத சிரிஞ்சை மெடிக்கலிலும் வாங்கிவந்தேன். மறுநாள் வீடியோ காலில் அவர் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.

முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அடியிலிருக்கும் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, மேலே பழைய ரப்பர் செருப்பை வைத்துச் சுத்தியலால் தட்டச் சொன்னார். தட்டிவிட்டுப் போல்ட்டைக் கழற்றி இழுத்ததும் ஷாக்கின் கீழ்க்கால் குழாய் இரண்டும் கையோடு வந்தன. வடைச்சட்டியில் நாள்பட்டுக் கிடந்த மாதிரி கறுத்த எண்ணெய் வடிந்தது. உள்ளே இருந்த ஸ்பாஞ்சு வளையத்தை விரலால் பிதுக்கினேன். அவர் சொன்ன அதே சுணை, என் தேங்காய் எண்ணெயில் குழைந்து கிடந்தது. பழைய கைலியைக் கிழித்துத் துடைத்தேன். நான் அவசரப்பட்டு இழுத்தபோதெல்லாம் அவர், "மெதுவா, அது எங்கயும் ஓடிடாது," என்றார். அத்தனை நேரத்தில் ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எனக்கு அந்தப் பொறுமை வந்ததில்லை.

வளையத்தைப் புது எண்ணெயில் ஊறவைத்து, கால்களை மாட்டி, வண்டியைக் கவிழ்த்துச் சிரிஞ்சால் எண்ணெய் ஏற்றி, போல்ட்டை முடுக்கி, சக்கரத்தையும் மாட்டினேன். வண்டியோடு அவர் அனுப்பியிருந்த, எதற்கென்று தெரியாமல் நான் மூலையில் போட்டிருந்த, மீட்டர் வைத்த சின்னப் பம்பில் காற்றும் அடித்தேன். பிறகு அமுக்கிவிட்டுக் கையை எடுத்தேன். சத்தமே இல்லாமல் மேலே வந்து நின்றது.

நான் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அங்கே மூன்று கியர் சைக்கிள்கள் சாய்ந்து நின்றன. எல்லாம் கல்லூரிப் பிள்ளைகளுடையவை. ஷாக் சரியில்லாத வண்டி இருந்தால் கொண்டுவாருங்கள் என்று முதல்நாளே நான் சொல்லிவைத்திருந்தேன்.

"எல்லாம் சுணைதான் மச்சான். வருஷா வருஷம் அறுப்பு உண்டு," என்றேன்.

அவர் நடுவில் நிற்கும் வண்டியை அமுக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"அதுல நீ கை வைக்காத," என்றார். "நான் வந்து பாத்துக்குறேன்."