தைலம் தடவிய கை

மழலை வகுப்பு ஆயாம்மாவுக்குப் பயம் ஒன்றும் புதிதல்ல. பல்லியைக் கண்டால் நாற்காலியில் ஏறுவாள். பெரிய டீச்சர் செருமினாலே துடைப்பத்தைத் தேடுவாள். பிள்ளைகளிடம் மட்டும் அவள் ராணி. மூக்கைத் துடைப்பது, கழிவறைக்குக் கூட்டிப்போவது, நனைந்த உடையை மாற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. அழுகிற ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குப் பொத்தான் போட்டுவிடுவாள்.

திங்கட்கிழமை, அவள் 'சிட்டு' என்று கூப்பிடும் பெண்பிள்ளை சட்டையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டது. உடை மாற்றும்போது பார்த்தால், மேல்கை கன்றிப்போயிருந்தது.

"என்னடி கண்ணு இது?"

"அப்பா அடிச்சாரு."

அதற்குப் பள்ளியில் விதி உண்டு. காயத்தைப் பார்த்தால் நீயாக எதுவும் செய்யாதே, உடனே பெரிய டீச்சரிடம் சொல். சுவரில் பெரிதாக ஒட்டியே வைத்திருக்கிறார்கள். போன வருஷம் அப்படிச் சொன்ன, பள்ளி வேனில் பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாவின் கதையைத்தான் ஒட்டவில்லை. பெற்றவர்கள் வந்து குதித்து, பழியை அவள்மேலேயே போட்டார்கள். விசாரணை முடியும்வரை வராதே என்றது பள்ளி. குற்றமில்லை என்று முடிந்தபோது அவள் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். அவ்வளவுதான் நியாயம்.

வாயைக் கொடுத்து வம்பை வாங்குவானேன்? வீட்டில் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கும் புருஷன். அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். ஆயாம்மா தன் பையில் எப்போதும் இருக்கும் தைலத்தை எடுத்துத் தடவி, சட்டைக்கையை இழுத்து மூடினாள். அடுத்தடுத்த நாட்களிலும் யாருக்கும் தெரியாமல் அதையே செய்தாள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு டீச்சர் கன்றலைப் பார்த்துவிட்டார். வரவழைக்கப்பட்ட அப்பா கூசாமல் கத்தினார்: "இங்கதான் யாரோ அடிச்சிருக்காங்க. தைலம் வேற தடவி மறைச்சிருக்காங்க, மோந்து பாருங்க!"

அந்த வாசனை யாருடையது என்று பள்ளிக்கே தெரியும்.

"விசாரணை முடியறவரைக்கும் வகுப்புப் பக்கம் வராதீங்க" என்றார் பெரிய டீச்சர். ஆயாம்மா, வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துகொண்டாள். வீட்டுக்கு எந்தத் தெரு வழியாக வந்தாள் என்றுகூட நினைவில்லை.

"தைலம் நான் தடவவே இல்லன்னு சாதிச்சிடு. யாரு பாத்தா?" என்றான் புருஷன்.

"பொய் சொல்லி மாட்டிக்கிட்டா ஜெயில்ல போட்டுடுவாங்கங்க."

"உண்மையச் சொன்னா மட்டும் மாலை போடுவாங்களா?"

விசாரணை அறையில் ஒரு மேஜை, எதிரே குழந்தைகள் நலத்துறை அதிகாரியம்மா. அவர் மிரட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார். அதுவே ஆயாம்மாவை இன்னும் பயமுறுத்தியது.

"நீங்கதான் தைலம் தடவினீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"ஆமாங்கம்மா. சத்தியமா நான் அடிக்கல. திங்கக்கிழமையே பாத்தேன். வேலை போயிடும்னு பயந்து வாயத் திறக்கல."

அதிகாரியம்மா ஒரு படத்தை அவள் பக்கம் நகர்த்தினார். சின்ன முதுகு. குறுக்கே நீளமாக ஒரு தடிப்பு.

"இது திங்கக்கிழமை இருந்துச்சா?"

"இல்லைங்கம்மா. முதுகுல ஒண்ணுமே இல்ல. கையில மட்டும்தான்..."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்கச் சாயங்காலமானால் சிட்டுவை வாசலில் அந்த அப்பாவின் கையில்தான் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். வேலை, சம்பளம், புருஷன் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"நீங்க அடிக்கலன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார் அதிகாரியம்மா. "'இவ்வளவு வலியை ஏம்மா யார்கிட்டயும் சொல்லல'ன்னு குழந்தைகிட்ட கேட்டோம். 'ஆயாம்மாகிட்ட சொல்லிட்டேனே'ன்னு சொன்னா."