நாகம்மாக்கா திருப்பித் தந்த பால்

மலாக்காவில் காஜா பேராங் கிராமத்துக்கு நான் புதுப்பெண்ணாக வந்தபோது முதலில் பழகியது பக்கத்து வீட்டு நாகம்மாக்காவிடம்தான். கணவரை இழந்தவர், தனியாக இருந்தார். ஆனால் அவர் குரல் தெருமுனை வரை கேட்கும். மாதத்தின் முதல் ஞாயிறு அவர் வீட்டில் அக்கா, நான், கமலவேணி, பூங்காவனம் என்று நாலு பெண்கள் கூடுவோம். ஆளுக்கு ஐந்து வெள்ளிப் பணம் போட்டு, குலுக்கலில் பெயர் வந்தவளிடம் மொத்தத்தையும் கொடுத்துவிடுவோம். உண்மையைச் சொன்னால், பணத்தைவிட அங்கே கிடைக்கும் கோப்பிக்கும் அரட்டைக்கும்தான் நான் மாதம் முழுக்கக் காத்திருப்பேன்.

சீட்டு நடத்துகிறவருக்கே முதல் மாதப் பணம் என்பது வழக்கம். அக்கா அதோடு தன் சேமிப்பையும் சேர்த்து ஒரு கறவை மாடு வாங்கினார். பின்வீட்டில் பல தலைமுறையாக இருந்த மலாக்கா செட்டிக் குடும்பம் கொட்டகைக்கு இடம் கொடுத்தது. அடுத்த மாதம் கமலவேணிக்கு விழுந்தது, தோடு வாங்கிக்கொண்டாள். எனக்கும் பூங்காவனத்துக்கும் முறை வருவதற்குள் சண்டை மூண்டு ஜப்பான்காரன் ஊருக்குள் வந்துவிட்டான். சீட்டு அப்படியே நின்றுபோனது.

அதன் பிறகு அவன் விட்ட, வாழைமரம் அச்சடித்த நோட்டுதான் காசு. வருஷம் போகப் போக அதற்கு மதிப்பே இல்லாமல் போனது. மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. என் கோகிலா பிறந்தபோது எனக்குப் பால் சுரக்கவில்லை, டின் பாலைக் கண்ணால் பார்க்கவும் வழியில்லை. வேறு போக்கு தெரியாமல் அக்காவிடம் போனேன்.

“அக்கா, சீட்டுலேருந்து என் பேர எடுத்துடுங்க. போட்டத மட்டும் திருப்பிக் குடுத்தாப் போதும்.”

அக்கா உள்ளே போய் ஒரு கத்தை ஜப்பான் நோட்டைக் கொண்டுவந்தார். “இதையா குடுக்கச் சொல்ற? இதுக்கு ஒரு முட்டைகூட வராதே. நீ போட்டது வெள்ளைக்காரன் காசு. அது இப்ப எங்க இருக்கு தெரியுமா?” கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். “அந்தா நிக்குது பாரு, அசை போட்டுக்கிட்டு. காலையில சொம்ப எடுத்துக்கிட்டு வா.”

அன்றிலிருந்து கோகிலாவுக்குப் பால் கிடைத்தது. கேட்காமலே பூங்காவனத்தையும் கூப்பிட்டு அவள் பிள்ளைகளுக்கும் ஊற்றினார்.

ஒருநாள் நாங்கள் சொம்போடு நிற்கும்போது கமலவேணி வந்தாள், கையில் நோட்டுக்கட்டு.

“அக்கா, நான் கட்ட வேண்டியதெல்லாம் இதுல இருக்கு. என் கணக்க முடிச்சிடுங்க.”

பூங்காவனத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “தோடு வாங்குனது நல்ல காசுல, கட்டுறது வாழைமரத்துலயா?”

கமலவேணி காதில் ஈர்க்குச்சிதான் இருந்தது. தோடு எப்போதோ அரிசியாகப் போய்விட்டிருந்தது. அவள் கணவர் நல்லையாவைச் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போயிருந்தான். அதைப் பார்த்த பூங்காவனம் கூசிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா நோட்டுக்கட்டைக் கமலவேணியிடமே தள்ளினார். “இத வச்சு அடுப்பப் பத்த வை. எனக்கு முட்டி வலி, குனிய முடியல. மாட்டுக்குப் புல்லு நீ அறுத்துப் போடு. அதுதான் நீ கட்டுற காசு.”

மறுநாளே கமலவேணி அரிவாளோடு வந்துவிட்டாள். அவள் புல் போட, அக்கா கறக்க, நாங்கள் சுற்றிலும் குந்தியிருப்போம். கால் உதைக்கும் மாட்டை அக்கா திட்டுகிற திட்டில் பூங்காவனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பசி நிறைந்த வருஷங்கள்தாம். ஆனாலும் இன்றைக்கு நினைத்தால் முதலில் வருவது அந்தச் சிரிப்பும், நுரை தளும்பும் சொம்பின் இளஞ்சூடும்தான்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன செய்தி வந்ததும் அவன் நோட்டெல்லாம் செல்லாது என்றார்கள். “இன்னும் எத்தன நாளைக்கு ஊத்தணும், அக்கா? நம்ம கணக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“அது போன வருஷமே தீந்துபோச்சு. சொன்னா நீ சொம்பத் தூக்கிட்டு வராம இருந்துடுவ. புள்ள என்ன பண்ணும்?”

சில மாதம் கழித்து, புல் அறுத்துக்கொண்டிருந்த கமலவேணியைத் தேடி எலும்பும் தோலுமாக ஒருவர் வந்தார். எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. அவள் மட்டும் “என்னங்க!” என்று கத்திக்கொண்டு, கையில் அரிவாள் இருப்பதையும் மறந்து ஓடினாள். அக்கா அன்று கறந்த பாலை யாருக்கும் ஊற்றவில்லை. முழுவதையும் காய்ச்சி நல்லையாவுக்குக் கொடுத்துவிட்டார்.