போங்கீர் வரைக்கும் பின்சீட்டில் சுமதி

2006 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெட்டுகுடாவில் வீட்டிலிருந்து கிளம்பி, காலை ஆறு மணிக்கு ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் நெக்லஸ் ரோட்டை அடைந்தேன். நானூறு மோட்டார் சைக்கிள்களாவது நின்றிருக்கும். பார்வையற்ற பிள்ளைகளின் விடுதிப் பள்ளி ஒன்றுக்கு நிதி திரட்டும் பயணம். மாதாப்பூரில் என் அலுவலக நோட்டீஸ் போர்டில் பார்த்து, முந்நூறு ரூபாய் கட்டிப் பெயர் கொடுத்திருந்தேன். போங்கீர் கோட்டை அடிவாரம் வரை ஐம்பது கிலோமீட்டர். ஒவ்வொருவரும் தனியாகத்தான் ஓட்ட வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதிவு மேசையில் இருந்த பெண் என் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, வெள்ளைக் கோலுடன் நின்றிருந்த ஒருவரை அழைத்து வந்தார். சில வண்டிகளின் பின்சீட்டில் பார்வையற்றவர்கள் வருவார்கள் என்றும், இருவரும் தமிழ் என்பதால் எங்களை ஜோடி சேர்த்ததாகவும் ஆங்கிலத்தில் சொன்னார்.

சுமதிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லை. காஞ்சன்பாக்கில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். அப்பாவுக்கு ஆரணிப் பக்கம். இவர் பிறந்து வளர்ந்தது காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில்.

"மெட்ராஸ்காரரா?"

"நாகர்கோவில்ங்க."

"அப்ப நம்ம ரெண்டு பேர் தமிழும் ஒத்துவராது, போங்க" என்று சிரித்தபடி ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய வருடம் உப்பல் அருகே மணலில் வண்டி சறுக்கி, பின்னால் இருந்த என் மனைவிக்குக் கை முறிந்தது. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் யாரையும் பின்னால் ஏற்றியதில்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் கொடி அசைந்துவிட்டது. மணி ஆறரை.

தார்நாகா வரை ஊர்வல வேகம்தான். மாடிகளிலிருந்து ஜனங்கள் கையாட்டினார்கள். உப்பலைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து ஓரமாகவே ஓட்டினேன். சுமதியோ, முன்னால் போகும் வண்டிகளை ஏன் முந்தவில்லை என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கட்கேசர் தாண்டியதும் சாலை குறுகியது. அந்தக் காலத்தில் போக ஒன்று, வர ஒன்று, அவ்வளவுதான். எதிரே ஒரு லாரி, பஸ்ஸை முந்திக்கொண்டு நேராக எங்கள் மேல் வந்தது. வண்டியை மண்ணில் இறக்கினேன். பின்சக்கரம் அலைபாய்ந்து, ஒருவழியாக நின்றது. விழவில்லை. ஆனால் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்துவிட்டேன். மற்ற வண்டிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

"கைக்கு நிறுத்திட்டீங்க? பெட்ரோல் இல்லையா?" அந்த ஊர் உருதுவில் 'கைக்கு' என்றால் ஏன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஊர்வலத்தின் பின்னால் வரும் உதவி வேனில் அவரை ஏற்றிவிடுவதாகவும் சொன்னேன்.

சுமதியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "இதை நான் ஏறுறதுக்கு முன்னாடி சொல்லணுமா இல்லையா?"

"சொல்லியிருக்கணும். தப்புதாங்க."

பிறகு ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டார். "வேன் நக்கோ, வேணாம். வண்டியில போறேன்னு எக்ஸ்சேஞ்ச் பூரா சொல்லி வெச்சிருக்கேன். மெதுவாப் போங்க. ஆனா லாரி வந்தா எனக்கும் சொல்லுங்க. நீங்க மட்டும் பயந்தா எப்படி?"

அதற்குப் பிறகு முப்பது கிலோமீட்டர் வேகம்தான். லாரி வந்தால் லாரி என்றேன். பஸ், எருமை, சாலையோரம் கூடைகளில் சீத்தாப்பழம், வரப்பெல்லாம் பனைமரம்.

"எத்தனை மரம்?"

"எண்ண முடியாதுங்க."

"உங்க ஊரைவிட ஜாஸ்தியா?"

யோசித்துப் பார்த்தேன். "கிட்டத்தட்ட எங்க ஊர் மாதிரியேதான் இருக்கு."

பீபிநகர் வந்தபோது, நாலைந்து லாரிகளைச் சொல்ல மறந்திருந்தது எனக்கே உறைத்தது.

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் போங்கீர். கடைசியாக வந்தவர்கள் நாங்கள்தான். கோட்டை இருப்பது ஒரே பாறையின் மேல். ஊரே அதன் காலடியில் கிடக்கிறது. சுமதி இரண்டு உள்ளங்கைகளையும் பாறையில் வைத்து, தடவிக்கொண்டே பக்கவாட்டில் நடந்தார். இருபது அடி, முப்பது அடி.

"முடியவே மாட்டேங்குதே!" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம்.

புளியோதரைப் பொட்டலமும் நான்கு ரூபாய் டீயும் ஆனபின், பின்சீட்டில் வந்த பார்வையற்றவர்கள் திரும்புவதற்குப் பஸ் வந்து நின்றது. பெயர் கூப்பிட்டார்கள். சுமதி எழுந்து, என் வண்டி எந்தப் பக்கம் என்று கேட்டார்.

சென்னைக்கு மாற்றலாகி வந்து பல வருடங்கள் ஆகின்றன. அந்தச் சாலையை இப்போது அகலப்படுத்திவிட்டார்களாம். இங்கே அலுவலகத்துக்குப் போகும் சாலையும் அகலம்தான்; வழியில் என்ன வருகிறது என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. அப்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் நினைவுக்கு வரும். பஸ்ஸில் ஏறாமல் என் வண்டியிலேயே திரும்பி வந்த சுமதியுடன், காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸ் தெருவுக்குள் திரும்பினேன். வேப்பமரத்தடியில் ஒரு வீட்டு வாசலில் நரைத்த தலையுடன் ஓர் அம்மாள் நின்றிருந்தார்.

"எங்கம்மா நிக்கறாங்களா?"

"ஆமாங்க. வாயில கை வெச்சுட்டு நிக்கறாங்க."

"பஸ்ல வருவேன்னுதான் சொல்லியிருந்தேன்" என்றார் சுமதி. "நிறுத்தாதீங்க. இன்னொரு ரவுண்டு போங்க."